மூன்று வருடத்துக்கு நூலைத் தொடக்கூடாதாம்

கியூபெக்கில் வேலைக்குச் சேருகிற நாளில் ஒரு தாள்கட்டைத் தருவார்கள். வங்கி விபரம், வரிப் படிவம், சீருடைக்கு ஒரு கையொப்பம், திறப்புக்கு ஒரு கையொப்பம். அதற்குள் நாலாம் ஐந்தாம் பக்கத்தில் ஒரு பந்தி கிடக்கும். வேலையை விட்டு விலகினால் இத்தனை வருடத்துக்கு, இன்ன இடத்துக்குள், இதே தொழிலை இன்னொருவரிடம் செய்யக்கூடாது, தனியாகவும் தொடங்கக்கூடாது என்று சொல்லும். நொன்-கொம்பீட் என்கிறார்கள். மொன்றியலின் லாசால் பகுதியில் அதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிற ஒருவரும் பெரிய கம்பனி அதிகாரி இல்லை. ஏசி திருத்தப் போகிற தம்பி, டிரைவிங் பழக்குகிற அண்ணை, பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிற பிள்ளை, சலூனில் புருவம் எடுக்கிற தங்கச்சி. இவர்கள் என்ன வியாபார ரகசியத்தைக் கொண்டு ஓடப் போகிறார்கள் என்று அந்தப் பந்தியை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

"இது கோட்டில செல்லுமோ?" என்பதுதான் எல்லாரும் கேட்கிறது. இப்படிப்பட்டவர்களின் தாளில் இருப்பது அநேகமாகச் செல்லாது. ஆனால் செல்லாத பந்தியும் ஆளைக் கட்டிப்போடும். வழக்குக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. மிச்சப் பேர் பயத்தில் பழைய இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள், சம்பள உயர்வும் கேட்பதில்லை. முதலாளிக்கு வேண்டியதும் அதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சட்டத்தரணி இல்லை. ஆக்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்லிச் சொல்லி, சட்டப் புத்தகத்தையும் கொஞ்சம் புரட்ட வேண்டி வந்தது. உங்கள் பிரச்சினைக்கு உரிய ஆளிடம் போங்கள்.

கியூபெக்கின் சிவில் கோட் 1994 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 2089ஆம் பிரிவுதான் இந்த விவகாரத்துக்கு அடி. முதலாளி இப்படியொரு நிபந்தனை போடலாம், தடையில்லை. ஆனால் அது எழுத்தில், ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும். காலம், இடம், வேலையின் வகை மூன்றுக்கும் எல்லை சொல்ல வேண்டும். அந்த எல்லை முதலாளியின் நியாயமான நலனைக் காக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்: நிபந்தனை செல்லுபடியாகும் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. வேலையாள் "இது அநியாயம்" என்று நிரூபிக்கத் தேவையில்லை. முதலாளிதான் வந்து "இது நியாயம்" என்று காட்ட வேண்டும். கையொப்பம் வைத்துவிட்டோமே, இனி என்ன செய்வது என்று தலையில் கைவைத்துக்கொண்டு வருகிற ஆக்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

அந்தச் சலூன் தங்கச்சியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரும் வேண்டாம், கடையும் வேண்டாம். நியூமன் புலவார் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். முதலாளியும் எங்கட ஆள்தான். சேரும்போது "சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி" என்று சொல்லி நீட்டிய தாளில் எழுதியிருந்தது இது: விலகிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு, மொன்றியல் தீவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், அழகுக்கலைத் துறையில் எந்தவொரு பொறுப்பிலும் வேலை செய்யக்கூடாது. மீறினால் 25,000 டொலர் தண்டம். தாள் முழுக்க ஆங்கிலம். பிரெஞ்சுப் பிரதி கண்ணிலும் காட்டப்படவில்லை.

அந்தப் பிள்ளை நூல் பிடிக்கப் பழகினது திருநெல்வேலியில், மாமி வீட்டு விறாந்தையில். ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்றதை விரலில் சுற்றி, கண் சிமிட்டுகிற நேரத்தில் ஒரு புருவத்தை முடித்துவிடும். முதலாளி பழக்கிக் கொடுத்த வித்தை ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்கள் அந்தக் கைக்காகத்தான் வந்தார்கள்.

பிறகு முதலாளியின் சொந்தக்காரப் பெண் ஒருவர் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். இவவுக்குக் கிழமைக்கு 35 மணித்தியாலம் இருந்த வேலை 12 மணித்தியாலமாகக் குறைந்தது. வாடகை யார் கட்டுவது? இரண்டு மாதம் பொறுத்துவிட்டு விலகி, வேர்டனில் ஒரு சலூனில் சேர்ந்தா. அதன் பிறகு பதிவுத் தபாலில் சட்டத்தரணியின் கடிதம். பத்து நாளுக்குள் வேலையை நிறுத்து, 25,000 டொலரைக் கட்டு, இல்லாவிட்டால் தடையுத்தரவு கேட்டு உயர் நீதிமன்றம் போவோம்.

"அண்ணா, என்னைப் பிடிச்சு உள்ள போடுவினமோ?" என்றுதான் முதல் கேள்வி. கையில் அந்தக் கடிதம் நாலாக மடிந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

இந்த வகைக் கடிதத்தை இங்கே மிஸ் ஆன் தெமூர் என்பார்கள். அதற்கு நீதிமன்ற முத்திரை கிடையாது. சட்டத்தரணி ஒருவர் தன் கடிதத்தாளில் எழுதி அனுப்புகிற எச்சரிக்கை, அவ்வளவுதான். பொருட்படுத்தாமல் விடவும் கூடாது, மயங்கி விழவும் தேவையில்லை. இதன் பிறகு முதலாளி உண்மையிலேயே நீதிமன்றம் போனால் முதலில் கேட்பது அவசரத் தற்காலிகத் தடையுத்தரவு. அதற்கு நாலு விஷயத்தைக் காட்ட வேண்டும்: அவசரம் இருக்கிறது, தன் பக்கம் உரிமை இருப்பதாகத் தெரிகிறது, காசால் ஈடுசெய்ய முடியாத அளவு நட்டம் வரும், உத்தரவு கொடுக்காவிட்டால் தனக்கு வருகிற கஷ்டம் கொடுத்தால் மற்றவருக்கு வருகிற கஷ்டத்தை விடப் பெரிது. அந்தத் தற்காலிக உத்தரவும், எதிர்த்தரப்பு சம்மதிக்காவிட்டால், பத்து நாளுக்கு மேல் ஓடாது. உத்தரவு ஒன்று வந்துவிட்டால் விளையாட்டில்லை. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, அபராதத்திலிருந்து மறியல் வரைக்கும் போகலாம். அதனால்தான் கடிதம் வந்த கட்டத்திலேயே ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நாங்கள் போய்ப் பார்த்த சட்டத்தரணி ஒப்பந்தத்தை விட முதலில் கைத்தொலைபேசியைத்தான் கேட்டா. "விலகின பிறகு பழைய வாடிக்கையாளர் ஆருக்காவது மெசேஜ் போட்டனீங்களோ?" தங்கச்சியின் முகம் மாறிவிட்டது. போட்டிருந்தா. "நான் இப்ப வேர்டனில் இருக்கிறன், வாங்கோ" என்று வாட்ஸ்அப்பில், ஒரு பூப்படத்தோடு. யாருக்கு, அந்த இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டா சட்டத்தரணி. தாங்களாகவே இலக்கம் தந்து சிநேகமாகிப்போன ஏழெட்டுப் பேர். நல்லகாலம், சலூன் புக்கிங் ஆப்பிலிருந்து பட்டியலாக எடுத்ததில்லை.

ஆக்கள் அடிக்கடி குழம்புகிற இடம் இது. 2089 என்பது போட்டி போடாதே என்கிற நிபந்தனைக்கு. அது இல்லாவிட்டாலும், செல்லாமல் போனாலும், 2088ஆம் பிரிவு தனியாக நிற்கிறது. வேலையாள் விசுவாசமாக, நேர்மையாக நடக்க வேண்டும். வேலையில் கிடைத்த ரகசியத் தகவலைப் பயன்படுத்தக்கூடாது. இந்தக் கடமை வேலை முடிந்த பிறகும் ஒரு நியாயமான காலத்துக்குத் தொடரும். யாரும் கையொப்பம் வாங்கத் தேவையில்லை, சட்டமே சொல்கிறது. வாடிக்கையாளர் பட்டியலைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு போனால், விலைப்பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு போனால், ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டாலும் மாட்டுப்படுவீர்கள். வாடிக்கையாளரைத் தேடிப்போய் இழுக்காதே என்று தனியாகப் போடுகிற நிபந்தனையும் வேறு. அதை நீதிமன்றங்கள் இவ்வளவு கடுமையாகப் பார்ப்பதில்லை. ஒரு வாடிக்கையாளர் தானாக உங்களைத் தேடி வேர்டனுக்கு வந்தால் அது உங்கள் கைராசி. நீங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு அழைத்தால் அது முதலாளியின் முதல்.

தங்கச்சியின் விஷயத்துக்கு வருவோம். மூன்று வருடம் எதற்கு? புருவம் சில கிழமையில் திரும்ப வளர்ந்துவிடும். வாடிக்கையாளர் மூன்று மாதத்தில் புது ஆளோடு பழகிவிடுவார். மொன்றியல் தீவு முழுவதும் எதற்கு? அந்தச் சலூனுக்கு வருவது டொலார் அவென்யூவிலிருந்தும் அங்கிரிஞோன் மெட்ரோப் பக்கமிருந்தும் நடந்தோ பஸ்ஸிலோ வருகிற பெண்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறவர் புருவம் எடுக்க லாசாலுக்கு வருவாரா? 'சுற்றுப்புறங்கள்' எதுவரைக்கும்? லாவாலா, பிரோசார்டா? 'எந்தவொரு பொறுப்பிலும்' என்றால் ஒரு சலூனில் காசாளராகக்கூட இருக்கக்கூடாது என்று ஆகிறது. மூன்று எல்லையில் மூன்றும் பிழை.

எல்லை பிழைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் முக்கியம். நீதிபதி "மூன்று வருடம் கூட, ஆறு மாதமாக்குகிறேன், தீவு முழுக்க வேண்டாம், லாசால் மட்டும்" என்று வெட்டித் தைத்துக் கொடுக்க மாட்டார். நிபந்தனையே விழும். இதற்கு நல்ல உதாரணம் வன்கூவரில் ஒரு காப்புறுதி முகவரின் வழக்கு, ஷாஃப்ரன் எதிர் கே.ஆர்.ஜி. அவர் தன் நிறுவனத்தை 1987இல் விற்றுவிட்டு அங்கேயே வேலையும் பார்த்தார். விலகினால் மூன்று வருடத்துக்கு 'மெட்ரோபொலிட்டன் சிட்டி ஒஃப் வன்கூவர்' எல்லைக்குள் காப்புறுதித் தொழில் செய்யக்கூடாது என்று ஒப்பந்தம். பிறகு விலகி, 2001இல் பக்கத்து ரிச்மண்டில் வேலைக்குச் சேர்ந்தார். வழக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அப்படிப் பெயர் கொண்ட இடமே சட்டப்படி இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்சிக்காரரின் மனதை ஊகித்து, வன்கூவர், பல்கலைக்கழக நிலம், ரிச்மண்ட், பேர்னபி என்று ஒரு வரைபடம் கீறிக் கொடுத்தது. 2009இல் கனடா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நீதிமன்றம் திருத்தித் தரும் என்றால் முதலாளிமார் வேண்டுமென்றே அகலமாக எழுதுவார்கள், பிழைத்தால் என்ன குறைத்துத் தருவார்கள்தானே என்று இருப்பார்கள் என்பது அதன் நியாயம். அது பொதுச் சட்ட (கொமன் லோ) மாகாணத்து வழக்கு என்றாலும், திருத்திக் கொடுப்பதில்லை என்ற நிலைப்பாடு கியூபெக் நீதிமன்றங்களுக்கும் உரியதுதான். இதற்கு வெகு முன்பே மொன்றியல் நிறுவனம் ஒன்றின் வழக்கில், கமரூன் எதிர் கனேடியன் ஃபாக்டர்ஸ், கனடா முழுவதற்கும் ஐந்து வருடத் தடை என்பதை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருக்கிறது.

தங்கச்சியிடம் இன்னொரு பிடி இருந்தது. 2095ஆம் பிரிவு. காரியமான காரணமில்லாமல் ஆளை நிறுத்திய முதலாளி இந்த நிபந்தனையைக் கையில் எடுக்க முடியாது. வேலையாள் விலகுவதற்கு முதலாளியே அப்படியொரு காரணத்தைக் கொடுத்திருந்தாலும் முடியாது. 35 மணித்தியாலத்தைப் 12 ஆக்கினால் அது விலகக் காரணம் கொடுத்ததில்லாமல் வேறென்ன? சம்பளத் துண்டுகள் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தது. அந்தப் பெட்டிதான் வழக்கைக் காப்பாற்றிய பெட்டி. சட்டத்தரணி ஒரு பக்கத்தில் பதில் எழுதினா. 2089, 2095, 25,000 டொலர் தண்டம் அத்துமீறியதாக இருந்தால் 1623ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் குறைக்கலாம் என்று ஒரு வரி, பிரெஞ்சுப் பிரதி கொடுக்கப்படவில்லை என்று இன்னொரு வரி. 2022 ஜூன் 1இல் அங்கீகாரம் பெற்ற, பிரெஞ்சு மொழி பற்றிய 96ஆம் சட்டத்துக்குப் பிறகு, முதலாளி தயாரித்து நீட்டுகிற ஒப்பந்தத்தின் பிரெஞ்சுப் பிரதியை முதலில் கொடுத்தாக வேண்டும். அதைப் பார்த்த பிறகு இருவரும் விரும்பினால்தான் ஆங்கிலம். அந்தப் பதிலுக்குப் பிறகு மற்றப் பக்கத்திலிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. முதலாளியைக் கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், அது வேறு கதை.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப எல்லாம் செல்லாதுதானே" என்று ஒரு முடிவுக்கு வருகிறவர்களுக்காக அடுத்த வழக்கு. எங்கட ஆக்களில் கடை வாங்கி விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

பயெட் என்பவருக்குக் கியூபெக்கில் கிரேன் வாடகைத் தொழில். 2004 ஒக்டோபரில் தன் நிறுவனங்களின் சொத்துக்களைக் கே என்கிற பெரிய கிரேன் நிறுவனத்துக்கு 26 மில்லியன் டொலருக்கு விற்றார். விற்பனை ஒப்பந்தத்தில் ஐந்து வருடத்துக்குப் போட்டி போடக்கூடாது, வாடிக்கையாளரையும் ஆட்களையும் இழுக்கக்கூடாது என்று இருந்தது. அவர் அந்த நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்தார். வேலையிலிருந்து விலகிய நாளிலிருந்துதான் அந்த ஐந்து வருடம் தொடங்கும். 2009 ஓகஸ்டில் அவரை நிறுத்திவிட்டார்கள், காரியமான காரணம் இல்லாமல். 2010 மார்ச்சில் போட்டி நிறுவனமான மாமுட்டின் மொன்றியல் கிளையில் சேர்ந்தார். பழைய நிறுவனத்தின் அனுபவசாலிகள் சிலரும் பின்னாலே போனார்கள். கே வழக்குப் போட்டது.

பயெட்டின் வாதம் நாங்கள் மேலே பார்த்ததுதான். காரணமில்லாமல் நிறுத்தினீர்கள், 2095 இருக்கிறது, நிபந்தனை போச்சு. முதல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. 2013 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம், நீதிபதி வாக்னர் எழுதிய தீர்ப்பில், கே பக்கமே முடித்தது. இந்த நிபந்தனை எதற்காகப் போடப்பட்டது என்று பாருங்கள் என்கிறது தீர்ப்பு. வேலை தந்ததற்காக இல்லை, 26 மில்லியன் தந்ததற்காக. வியாபாரத்தை விற்றவர் வேலையாளுக்கான கேடயத்தின் பின்னால் ஒளிய முடியாது. இரண்டு பக்கமும் சட்டத்தரணிகளை வைத்துப் பேரம் பேசிய ஒப்பந்தம் அது. கியூபெக் முழுவதும் என்ற எல்லையும் பிழையில்லை, ஏனென்றால் கிரேன் இன்றைக்கு இங்கே, நாளைக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற சாமான்.

இதை லாசாலுக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் தன் டேக்-அவுட் கடையை விற்கிறார். வாங்குகிறவர் "அண்ணை, நீங்கள் இல்லாட்டிக் கொத்துரொட்டி ருசி மாறிடும், ஒரு வருஷம் நில்லுங்கோ" என்று சமையலுக்கு வைத்துக்கொள்கிறார். விற்பனைப் பத்திரத்தில் ஐந்து வருடத் தடை. ஆறு மாதத்தில் சண்டை வந்து அண்ணையை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இப்போது அண்ணை என்னுடைய தங்கச்சியின் கதையைக் கேட்டுவிட்டு 2095 என்று கிளம்பினால் அடிபடுவார். அவர் விற்பனைக்குக் காசு வாங்கியவர். அவருடைய தடையை அளக்கிற கோல் வேறு. அவருக்கும் இட எல்லை நியாயமாக இருக்க வேண்டும்தான், கொத்துரொட்டிக்கடை கிரேன் இல்லை. ஆனால் பேச வேண்டிய நேரம் பத்திரம் எழுதும்போது. எங்கட ஆக்கள் விலையைப் பற்றி மூன்று மாதம் இழுபடுவார்கள், இந்தப் பந்தியை நோட்டரியின் மேசையில் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள்.

வேலையில் இருக்கும்போது நடுவழியில் தாளை நீட்டினால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 2012இல் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஜான் எதிர் ஒமெகாகெம் வழக்கு அதற்குத்தான். ஒரு வேதியியலாளர் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து, அவரிடம் போட்டித்தடை ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்டார்கள். மறுத்தார். வேலையை விட்டு நீக்கினார்கள். அப்படி மறுத்தது நீக்குவதற்குப் போதிய காரணமில்லை என்றது நீதிமன்றம். இரண்டு வருடம் தொடர்ச்சியாக வேலை செய்தவருக்குத் தொழில் நியமச் சட்டத்தின் 124ஆம் பிரிவு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

இந்தச் சண்டை புதிசில்லை. 1414இல் இங்கிலாந்தில் ஒரு சாயம் தோய்க்கிறவர், ஊருக்குள் அரை வருடத்துக்குத் தொழில் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மீறிவிட்டார் என்று வழக்கு. ஹல் என்கிற நீதிபதிக்குக் கோபம் வந்து, வழக்குப் போட்டவர் மட்டும் இங்கே நின்றால் அரசருக்கு அபராதம் கட்டும்வரை மறியலில் போட்டிருப்பேன் என்று பிரெஞ்சில் கடவுள் மேல் ஆணையிட்டுக் கத்தியதாகப் பதிவு இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கில நீதிமன்றத்தின் மொழி பிரெஞ்சு. கொள்ளைநோய்க்குப் பிறகு வேலைக்கு ஆள் இல்லாத காலம், தொழில் தெரிந்த ஒருவரைச் சும்மா இருத்துவது நாட்டுக்கே நட்டம் என்று பார்த்தார்கள்.

எங்கட பக்கத்துச் சங்கதி இன்னும் சுவாரசியம். 1872இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. கடையை அதன் நன்மதிப்போடு (குட்வில்) சேர்த்து விற்றவருக்கு மட்டும் விலக்கு. நியூயோர்க் சட்டத்தரணி டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய சட்ட வரைவிலிருந்து அந்தப் பிரிவை எடுத்தார்கள். அதே வரைவை அதே 1872இல் கலிபோர்னியாவும் எடுத்துக்கொண்டது. சிலிக்கன் பள்ளத்தாக்கில் இன்றைக்கு ஒரு கம்பனியை விட்டு நாளைக்கு எதிர்க் கம்பனிக்குப் போக முடிவதற்கும் சென்னைப் பொறியியலாளர் விலகிய பிறகு எதிர்க் கம்பனியில் சேர முடிவதற்கும் வேர் ஒன்று. அதனால்தான் இந்தியக் கம்பனிகள் வேறு வழி பிடித்தன, பொண்ட். இத்தனை வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு காசு. விஜயா வங்கி வழக்கில் மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற பொண்ட் செல்லும் என்று 2025 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை 27ஐ மீறவில்லை என்பது காரணம்.

அமெரிக்காவில் ஜிம்மி ஜோன்ஸ் என்கிற சாண்ட்விச் கடைத்தொடர், ரொட்டிக்கு நடுவில் இறைச்சி வைக்கிற பிள்ளைகளுக்குக்கூட இந்தத் தடையைப் போட்டிருந்தது. ஊர் சிரித்து, அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டு, 2016இல் கைவிட்டார்கள். நாடு முழுவதும் தடைசெய்ய 2024 ஏப்ரலில் அங்குள்ள வர்த்தக ஆணையம் கொண்டுவந்த விதியை அதே ஓகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒன்ராறியோ செய்து முடித்திருக்கிறது. 2021 ஒக்டோபர் 25இலிருந்து அங்கே வேலையாளோடு இப்படி ஒப்பந்தம் போடவே முடியாது. மேல்மட்ட நிர்வாகிகளுக்கும் வியாபாரத்தை விற்றவர்களுக்கும் மட்டும் விலக்கு. அந்தத் திகதிக்கு முன் போட்டதற்குத் தடை பொருந்தாது என்று ஒரு பல் மருத்துவமனை வழக்கில் 2022இல் தீர்ப்பும் வந்தது. ஆக, ரொறன்ரோவில் புருவம் எடுக்கிற மச்சாளுக்கு இல்லாத தலையிடி மொன்றியல் மச்சாளுக்கு. கியூபெக் ஏன் இன்னும் செய்யவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. 2089 நல்ல சட்டம்தான். ஆனால் அதன் நன்மையைப் பெற ஒருவர் கடிதத்தை எதிர்த்து நிற்க வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு கட்ட வேண்டும். மணித்தியாலச் சம்பளக்காரருக்கு இதை முழுதாகத் தடைசெய்தால் யாருக்கும் ஒரு நட்டமும் வராது என்பது என் எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை. ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட வேலை அனுமதிப்பத்திரத்தில் வருகிற தற்காலிகத் தொழிலாளருக்கு ஒட்டாவாவே நொன்-கொம்பீட் போட்டுத்தான் அனுப்புகிறது. அவருக்கு 2089 எந்த மூலைக்கு?

ஏஜென்சி மூலம் களஞ்சியங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் லாசாலில் நிறைய. அவர்களுக்கு ஒரு தகவல். கம்பனிக்காரர் உங்களை நேரடியாக வேலைக்கு எடுக்க விரும்பினால், நீங்கள் அங்கே வேலை தொடங்கி ஆறு மாதம் கடந்த பிறகு ஏஜென்சி அதைத் தடுக்க முடியாது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி அது. "ஏஜென்சி விடமாட்டுதாம்" என்று வருடக்கணக்காகக் குறைந்த சம்பளத்தில் நிற்கிறவர்களை நான் அறிவேன்.

கையொப்பம் வைத்த தாளின் பிரதியை வீட்டில் வைத்திருங்கள். சம்பளத் துண்டுகளையும் எறியாதீர்கள். விலகும்போது முதலாளியின் பட்டியல், கோப்பு, கடவுச்சொல் ஒன்றையும் கொண்டு போகாதீர்கள். நீக்கப்பட்டு, அது அநியாயம் என்று நினைத்தால் கியூபெக்கின் தொழில் நியம ஆணையமான சி.என்.இ.எஸ்.எஸ்.டி.யில் முறையிட 45 நாள்தான் இருக்கிறது. தனியாகப் போகப் பயமென்றால் 'ஓ பா த லெஷெல்' என்ற அமைப்பும், குடிவரவுத் தொழிலாளர் மையமும் மொன்றியலில் இருக்கின்றன. வாயைத் திறந்து கேளுங்கள்.

கடைசியாக, கடை வைத்திருக்கிற எங்கட முதலாளிமாருக்கு. இணையத்தில் எடுத்த அமெரிக்க ஒப்பந்தத்தை அப்படியே அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். அதில் உள்ள போட்டித்தடைப் பந்தி கியூபெக்கில் உங்களுக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. உங்கள் பட்டியலையும் ரகசியத்தையும் காப்பாற்ற 2088 இருக்கிறது. அடுத்த பிள்ளையை வேலைக்கு எடுக்க முன்னர் அந்தப் பந்தியை வெட்டிவிடுங்கள். ஏற்கெனவே கையொப்பம் வாங்கியவர்களுக்கு, அது இனிப் பொருந்தாது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.